மூன்றாவது உறை

ஏசுபாதம் ஆம்பூரில் ஒரு காலணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது ஐம்பத்தொன்று. ஒரு தோலை விரித்துப் போட்டால் போதும், அதில் எத்தனை ஜோடி தேறும் என்று தடவியே சொல்லிவிடுவார். துப்பாக்கியைச் சினிமாவில்தான் பார்த்திருந்தார்.

ஒரு நாள் அவரைத் தேடிப் போலீஸ் ஜீப் வந்தது. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இறங்கியவர் இன்ஸ்பெக்டர் அங்கயற்கண்ணி. வயது முப்பத்துமூன்று. மலையடிவாரத்தில் இருந்த பயிற்சி மைதானத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர்.

"இடுப்புல கட்டுற துப்பாக்கி உறை தைக்கணும், மாஸ்டர். ஆறு பேருக்கு. ஆறு பேரும் பொம்பளைங்க. இப்ப இருக்கிறதெல்லாம் ஆம்பளை இடுப்புக்கு வெட்டினது. உட்கார்ந்தா பிடி விலாவுல குத்துது."

"அளவு கொடுங்க மேடம். தைச்சுத் தந்திடறேன்."

"அளவு இல்லை. பன்னெண்டு நாள் மைதானத்துக்கு வாங்க. என்கிட்ட படிங்க. படிச்சுக்கிட்டே தைங்க."

தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவர் தனக்கு வாத்தியாராக இருப்பதில் மாஸ்டருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அன்றைக்கே லீவு எழுதிக்கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், குறுக்கே யாரும் வராதபோதும், சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார்.

முதல் நாள் அவர் கையில் ஒரு பயிற்சித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். எடையும் அளவும் நிஜம் போலவே இருக்கும். சுடாது. அடையாளத்துக்குப் பிடியில் ஆரஞ்சு வர்ணம் பூசியிருந்தது.

மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இது எதற்கு, அது எதற்கு, இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும். ஒவ்வொரு கேள்விக்கும் அங்கயற்கண்ணி பதில் சொன்னார். ஆனால் மாஸ்டர் அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஓர் அடி விலகி நின்றார். மாஸ்டர் மறுபடி திரும்பினார். அவர் மறுபடி விலகினார். பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன மேடம், பேசப் பேச நகர்ந்து போறீங்க?"

"துப்பாக்கி என்னைப் பார்க்குது."

"இது சுடாதே."

"எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாது."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். குழல் அங்கயற்கண்ணியின் வயிற்றுக்கு நேராக இருந்தது. மெல்ல அதைத் தரையை நோக்கித் திருப்பினார். அங்கயற்கண்ணி அதன் பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

அன்று மாலைக்குள் மாஸ்டருக்கு இரண்டு பழக்கம் வந்துவிட்டது. திரும்புவதற்கு முன் குழல் எங்கே பார்க்கிறது என்று பார்த்தார். ஆள்காட்டி விரலை விசைக்கு வெளியே நீட்டியே வைத்திருந்தார். வீட்டில் சாப்பிடும்போதும் அந்த விரல் நீண்டு நின்றது. விரலில் அடிபட்டதா என்று மனைவி கேட்டார்.

ஆறு பெண்களில் ஒருத்தி இடுப்பில் உறை கட்டவில்லை என்பதை மூன்றாம் நாள்தான் மாஸ்டர் கவனித்தார். பெயர் செவ்வந்தி. தருமபுரிப் பக்கம். ஆறு பேரிலும் நன்றாகச் சுடுகிறவள் அவள்தான். ஆனால் சுட்டு முடித்ததும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு விலகிவிடுவாள்.

"ஏம்மா, நீ மட்டும் கட்டலை?"

"எனக்கு வேணாங்கண்ணா," என்றாள்.

காரணத்தை அங்கயற்கண்ணிதான் சொன்னார். போன மாதம் நடந்தது. செவ்வந்தியின் உறை பழசு. தேய்ந்து தேய்ந்து அதன் வாய் உள்பக்கம் மடிந்திருந்தது. சுட்டு முடித்துத் துப்பாக்கியை உள்ளே தள்ளினாள். மடிந்த தோல் விசைக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்டது. தள்ளத் தள்ளத் தோலே விசையை அழுத்தியது. தோட்டா அவள் தொடையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது.

"புண்ணு ஆறிடுச்சு," என்றார் அங்கயற்கண்ணி. "பயிற்சி முடிஞ்சு வர்ற திங்கட்கிழமை ஆறு பேரும் ஒரு பெண் நீதிபதிக்குக் காவலுக்குப் போகணும். அவங்களுக்கு மிரட்டல் வந்திருக்கு. இடுப்புல துப்பாக்கி வைக்காத ஒருத்தியை என்னால அனுப்ப முடியாது."

"அனுப்பலைன்னா?"

"ஆபீஸ்ல ஃபைல் தூக்குவா. நல்லாச் சுடுற கை அது."

மாஸ்டர் ஐந்தாம் நாள் காலையில் முதல் உறையோடு வந்து நின்றார்.

ஆட்டுத்தோல். வெண்ணெய் மாதிரி இருந்தது. ஓரத்தில் இரட்டைத் தையல். முன்பக்கத்தில் சின்னதாக ஒரு தாமரைகூடப் பதித்திருந்தார். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றித் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீங்களே கட்டுங்க, மாஸ்டர்," என்றார் அங்கயற்கண்ணி. "துப்பாக்கியை உருவுங்க. திரும்ப உள்ளே வைங்க."

மாஸ்டர் உருவினார். வழுக்கிக்கொண்டு வந்தது. முகம் மலர்ந்தது. திரும்ப வைக்கப் போனார். உறையின் வாய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வழக்கம்போல் இடது கையைக் கொண்டுபோய், இரண்டு விரலால் வாயை விரித்துப் பிடித்தார்.

"அப்படியே நில்லுங்க."

மாஸ்டர் நின்றார்.

"குழல் யாரைப் பார்க்குது?"

குழல் அவருடைய இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாகத் தோல் வெட்டுகிற கை. மாஸ்டர் துப்பாக்கியைத் தரைக்குத் திருப்பினார். பிறகு இடுப்பிலிருந்து உறையை அவிழ்த்து, யாரும் கேட்காமலே, கத்தியை எடுத்து அதை இரண்டாக வெட்டிப் போட்டார்.

"தாமரையை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கலாம்," என்றாள் ஒருத்தி.

மாஸ்டர் அதற்குள் பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது உறை எருமைத் தோல். தண்ணீரில் ஊறவைத்து, பயிற்சித் துப்பாக்கியின் மேல் போர்த்தி, எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்து, துப்பாக்கியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தோலில் எழும்படி படிய வைத்திருந்தார். வாயைச் சுற்றிப் பட்டைக்குள் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. துப்பாக்கி உள்ளே இல்லாதபோதும் வாய் திறந்தே நின்றது. விசை முழுதாக மூடியிருந்தது. வெளியிலிருந்து சுண்டுவிரல்கூட உள்ளே நுழையாது.

அவர் அதிகம் பெருமைப்பட்டது வேறொன்றில். துப்பாக்கிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெத்தை வைத்துத் தைத்திருந்தார். பஞ்சு பொதிந்த ஆட்டுத்தோல். பிடி இனி விலாவில் குத்தாது.

எட்டாம் நாள் மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. பெண்கள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், குனிந்தார்கள், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். குத்தவில்லை, குத்தவில்லை என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒருத்தி ஒரு நொடியில் உருவிக் காட்டினாள். இன்னொருத்தி அதைவிடச் சீக்கிரம் என்றாள். மறுபடி உருவினார்கள். மாஸ்டர் நடுவில் நின்று, நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி எம்பிக் குதித்தார்.

செவ்வந்தி தள்ளி நின்று பார்த்தாள்.

"மேடம், இதுதான்," என்றார் மாஸ்டர். மூச்சு வாங்கியது. "இதுக்கு மேல ஒண்ணும் இல்லை."

அங்கயற்கண்ணி உறையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். மெத்தையை அழுத்திப் பார்த்தார். பயிற்சித் துப்பாக்கியில் மருந்தில்லாத தோட்டாக்களைப் போட்டு, மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டு, உறைக்குள் வைத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

"சாயங்காலம் வரைக்கும் இதைக் கட்டிக்கிட்டு இருங்க. எல்லா வேலையும் செய்யுங்க. துப்பாக்கியை மட்டும் தொடாதீங்க."

மாஸ்டருக்கு அது பரிசு மாதிரி இருந்தது. கட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போய் இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டார். பெண்களோடு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து மலைப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் வந்தார். தண்ணீர்க் கேனை இடுப்பில் அணைத்துத் தூக்கினார். மதியம் வேப்ப மரத்தடியில் ஒருக்களித்துப் படுத்தார். எங்கேயும் குத்தவில்லை.

ஐந்து மணிக்கு விசில் ஊதியது.

"உருவுங்க, மாஸ்டர்."

மாஸ்டர் உருவினார். எட்டு நாள் பயிற்சியில் கை பழகியிருந்தது. துப்பாக்கி நேராக இலக்குக்குப் போய் நின்றது. ஆனால் கையில் கனம் குறைந்திருந்தது. காலடியில் ஏதோ விழுந்த சத்தம்.

தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் மண்ணில் கிடந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார். மேகசினை விடுவிக்கும் பொத்தான் துப்பாக்கியின் இடது பக்கம் இருக்கிறது. உடம்பை ஒட்டிய பக்கம். அவருடைய மெத்தைக்கு நேர் எதிரே. ஜீப்பில் உட்கார்ந்தபோதும், படுத்தபோதும் அவர் உடம்பே மெத்தையை அழுத்தியிருக்கிறது. மெத்தை பொத்தானை அழுத்தியிருக்கிறது. மேகசின் எப்போது கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை.

"நீதிபதி அம்மா முன்னால இது நடந்திருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். இப்ப கையில இருக்கிற துப்பாக்கி காலியா?"

"காலிதான்."

"எப்படித் தெரியும்?"

"மேகசின்தான் கீழே கிடக்குதே, மேடம்."

அங்கயற்கண்ணி அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். குழலை மண்மேட்டுக்குத் திருப்பி, ஸ்லைடை இழுத்தார். உள்ளிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து மாஸ்டரின் செருப்பில் விழுந்தது.

"பானையை எடுத்துட்டா வாயில இருக்கிற கவளம் போயிடுமா, மாஸ்டர்?"

பெண்களில் யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் மேகசினை எடுத்து மண்ணைத் துடைத்தார். அங்கயற்கண்ணி அதை வாங்கித் திரும்பப் போட்டு, ஸ்லைடை இழுத்துவிட்டு, துப்பாக்கியை அவரிடம் கொடுத்தார். "இப்ப நீங்க காலி பண்ணுங்க."

மாஸ்டர் சற்று முன் பார்த்ததைச் செய்தார். ஸ்லைடை இழுத்தார். ஒரு தோட்டா துள்ளி விழுந்தது. பிறகு மேகசினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப காலி."

"திறந்து பாருங்க."

திறந்தார். உள்ளே இன்னொரு தோட்டா உட்கார்ந்திருந்தது.

மாஸ்டர் பையிலிருந்த மேகசினைத் தொட்டுப் பார்த்தார். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"பானையைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு வாயைத் திறந்தீங்க. அது அடுத்த கவளத்தை ஊட்டிடுச்சு."

அன்றைக்கு மாஸ்டர் அதை நாற்பது முறை செய்தார். முதலில் மேகசின். பிறகு ஸ்லைடு. பிறகு கண்ணால் ஒரு முறை. பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு முறை. நாற்பதாவது முறை செவ்வந்தி வந்து பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் உம்மென்று உட்கார்ந்திருந்தார். மெத்தையை எடுத்துவிட்டால் பொத்தான் அழுந்தாது. ஆனால் பிடி விலாவில் குத்தும். மெத்தை இருந்தால் குத்தாது. மேகசின் விழும். நான்கு நாள்தான் இருந்தது.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலைத் தூக்கி மடியில் போட்டிருந்தார். ஆணிக்கால். செருப்பின் அடியில், ஆணி இருக்கும் இடத்தில் மட்டும், யாரோ வட்டமாகக் குடைந்து கொடுத்திருந்தார்கள். நடக்கும்போது சுற்றிலும் இருக்கிற தோல் எடையைத் தாங்கும். ஆணி மட்டும் எதையும் தொடாமல் பள்ளத்துக்குள் இருக்கும்.

மாஸ்டர் அதையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னய்யா?" என்றார் பெரியவர்.

"உங்க காலுக்கு ஒரு கும்பிடு போடணும் போல இருக்கு."

பெரியவர் காலைக் கீழே இறக்கிக்கொண்டார். மாஸ்டர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார். ஆம்பூருக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருந்தது. ஆனால் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மீதித் தூரத்தை ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஆணிக்காலுக்குச் செருப்புத் தைப்பது அவருக்குப் புதிதல்ல. கற்றுக்கொண்ட காலத்தில் நூறு தைத்திருப்பார். பொத்தான் இருக்கும் இடத்தில் தோலைக் குடைந்து ஒரு குழி. குழியைச் சுற்றிக் கெட்டித் தோலில் ஒரு வரம்பு. மெத்தை எவ்வளவு அழுந்தினாலும் வரம்பின்மேல்தான் அழுந்தும். பொத்தானைத் தொடாது.

மறுநாள் பத்து மணிக்கு மூன்றாவது உறையோடு வந்தார். பத்து விரலும் கறுப்புச் சாயம்.

இந்த முறை அங்கயற்கண்ணியே கட்டிக்கொண்டார். பயிற்சித் துப்பாக்கியோடுதான். அந்த இடுப்பு கீழே வரும்படி தரையில் விழுந்தார். உருண்டார். சுவரேறிக் குதித்தார். ஜீப்பை அவரே ஓட்டிக்கொண்டு மலைப் பாதையில் மூன்று முறை போய் வந்தார். மாஸ்டர் நகம் கடித்துக்கொண்டு கேட்டில் காத்திருந்தார். ஒவ்வொரு முறை ஜீப் திரும்பும்போதும் ஓடிப்போய்ப் பார்த்தார். மேகசின் அதன் இடத்தில் இருந்தது.

மாலையில் அங்கயற்கண்ணி உறையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். சட்டையெல்லாம் செம்மண்.

"இன்னும் அஞ்சு தைங்க, மாஸ்டர்."

ஐந்தையும் இரண்டே நாளில் தைத்தார். ஒவ்வொன்றும் ஒருத்தியின் இடுப்புக்கு அளவெடுத்தது.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, நிஜத் தோட்டா. சுடும் வரிசைக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். மாஸ்டர் கோட்டுக்குப் பின்னால் நின்றார். காதில் மாட்டுவதைக் கொடுத்திருந்தார்கள். பதற்றத்தில் அதை நெற்றியில் மாட்டியிருந்தார். அங்கயற்கண்ணி வந்து இறக்கிவிட்டார்.

முதல் பெண் உருவினாள். சுட்டாள். உள்ளே வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு வெடிக்கும் மாஸ்டரின் தோள் குலுங்கியது. ஐந்து பேரும் முடித்தார்கள். ஒரு மேகசினும் கழலவில்லை. ஓர் உறையும் மடங்கவில்லை. மாஸ்டரால் சும்மா நிற்க முடியவில்லை. குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றார்.

ஆறாவது உறை மேஜைமேல் கிடந்தது. அதை எடுத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

செவ்வந்தி மாஸ்டரிடம் வந்தாள்.

"அண்ணா, கட்டி விடறீங்களா?"

மாஸ்டர் பெல்ட்டைக் கோத்தார். ஒரு துளையைத் தவறவிட்டு, எடுத்து, மறுபடி கோத்தார். வாய்ப் பட்டையை அவள் முன்னால் அழுத்திக் காட்டினார். "பாரும்மா, எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது."

"நாலு நாளா நானும் அழுத்திப் பார்த்துட்டேங்கண்ணா," என்றாள். "நீங்க சாப்பிடப் போனப்ப."

அவள் கோட்டுக்குப் போனாள். அங்கயற்கண்ணி அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றார்.

விசில்.

கை இறங்கியதும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. ஆறு வெடி. இலக்கின் நடுவில் ஒரு கை அகலத்துக்குள் ஆறு ஓட்டை. மாஸ்டர் கத்தப் போய் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுபடி விசில். இனி உள்ளே வைக்க வேண்டும். குழலின் அடியில், சேம்பரில், இன்னும் ஒரு தோட்டா இருந்தது.

செவ்வந்தி அசையவில்லை. துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, குழல் மண்மேட்டைப் பார்க்க, நின்றாள். விரல் விசைக்கு வெளியே நீண்டிருந்தது. வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் பொறுக்க முடியாமல், "போகும்மா, போகும்," என்று முணுமுணுத்தார். அங்கயற்கண்ணி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, பேச வேண்டாம் என்று காட்டினார்.

செவ்வந்தி குனிந்து உறையைப் பார்த்தாள். சட்டையின் ஓரம் உறையின் வாய்ப் பக்கம் தொங்கியது. இடது கையால் அதை மேலே இழுத்து, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். பிறகு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, மெல்ல, மெல்ல, துப்பாக்கியை இறக்கினாள். பாதியில் நிறுத்தினாள். மூச்சு விட்டாள். மிச்சத்தையும் இறக்கினாள்.

'டக்' என்று உட்கார்ந்தது.

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். தோழிகள் ஓடிப்போய் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். செவ்வந்தி சிரித்தாள்.

மாஸ்டர் அங்கயற்கண்ணியிடம் வந்தார். சந்தோஷத்தில் முகம் சிவந்திருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது.

"மேடம், மத்தவங்க அஞ்சு பேரும் சட்டுனு உள்ளே வச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு மட்டும் அவ்வளவு நேரம் ஆச்சு. உருவறதுக்கு ஒரு நொடி. வைக்கிறதுக்கு ஒரு நிமிஷம். உறையில ஏதாவது குறையா? வாயை இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டிக் கொடுக்கட்டுமா? சட்டுனு போகும்."

அங்கயற்கண்ணி செவ்வந்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உறையில குறை இல்லை. உருவும்போது சுட வர்றவன் ஒருத்தன் எதிர்ல நிப்பான், மாஸ்டர். உள்ளே வைக்கும்போது குழலுக்கு முன்னால அவ மட்டும்தான் நிக்கிறா."